மாசானமுத்து தேய்ஞ்ச கதை

மழை வந்தா மத்த ஊர்க்காரன் வானத்தப் பாத்துக் கும்பிடுவான், மூணு உப்பளம் சேந்த எங்க மூணளத்துக்காரன் மட்டும் மண்ண வாரித் தூத்துவான், ஏன்னா எங்களுக்கு உப்புதான் வயலு, உப்புதான் அறுப்பு, குவிச்சு வச்ச அம்பாரத்துல ஒரு கோடை மழை விழுந்துட்டா வருசத்துப் பாடு பூராவும் கரைஞ்சு ஓடையில போயிரும். அப்பிடியாப்பட்ட ஊர்லதான் என் பக்கத்து வீட்டு உலகம்மா மதினி பழைய இரும்புக் கடை வச்சிருந்தா. நான் ராமக்கனி, உப்புச் சாக்குத் தைக்கிறவ. என் வாய்க்கு ஊர்ல நல்ல பேரு கிடையாது, அதனால இந்தக் கதைய நான் சொன்னாத்தான் உள்ளது உள்ளபடி வரும், மத்தவிய சொன்னா அவியவிய கையக் கழுவிட்டுத்தான் சொல்லுவாவ.

மதினிக்கு ஒரே மகன், மாசானமுத்து. ஊர்ல ஒருத்தரையும் கேலி பண்ணாம விடமாட்டான், எழவு வீட்டுல கூடப் பந்தல்காரனச் சிரிக்க வச்சுட்டு வருவான், அப்பிடி ஒரு வாயி. அவன ஒரு ஏஜெண்டு கப்பல் வேலைன்னு கூட்டிட்டுப் போனான். போனவன் போனவன்தான். கம்பெனியக் கேட்டா ஏஜெண்டக் கேளுங்கான், ஏஜெண்டக் கேட்டா கப்பலக் கேளுங்கான், கப்பல எங்க போயிக் கேக்க, அப்பிடி ஒரு கப்பலே ஓடலன்னு பிறவு ஒருத்தன் சொல்லுதான். மதினி போகாத ஆபீசு இல்ல, விழாத காலு இல்ல. "செத்துட்டான்னு சொன்னா அழுது முடிச்சிருவேன், இருக்கான்னு சொன்னா காத்துக் கிடப்பேன், ரெண்டுங்கெட்டானா வச்சு என்னைக் கொல்லுதாவளே ராமக்கனி"ன்னு என் மடியில விழுந்து அழுதிருக்கா. அவளுக்கு வேண்டியது அந்த ஒரு சொல்லுதான். இருக்கானா, இல்லியா. கடைசியில பம்பாயில இருக்கிற அந்த ஏஜெண்டோட சட்டையப் பிடிச்சே கேட்டுட்டு வாரேன்னு கிளம்பிட்டா, அந்தச் செலவுக்குத்தான் அவன் விட்டுட்டுப் போன பெட்டிய விக்கலாம்னு நெனச்சா.

அந்தப் பெட்டி, பழைய உப்புக் கம்பெனி பங்களாவ இடிச்சப்ப கதவு ஜன்னலோட சேத்து மாசானம் ஏலத்துல எடுத்தது. மரப்பெட்டி, மேல ஒரு சாவி, பக்கத்துல ஊமத்தம்பூ கணக்கா ஒரு குழாய். "யம்மா, இத எடைக்குப் போட்டுராத, இது வேற சாதிச் சாமான்"னு சொல்லி, சாக்கப் போட்டு மூடி வச்சுட்டுப் போனான்.

விலை சொல்ல தூத்துக்குடியில இருந்து சந்தியாகு அண்ணாச்சி வந்தாவ. பழைய கடிகாரம், பழைய சரவிளக்கு, பழைய கட்டில், எது பழசோ அதுக்கு நாள் நட்சத்திரம் சொல்லுத ஆளு. வந்தவுடனே தொடல. பொண்ணு பாக்க வந்த மாமியா மாதிரி பெட்டியச் சுத்திச் சுத்தி வந்தாவ, குனிஞ்சு அடியப் பாத்தாவ, திருகாணித் தலை ஒவ்வொண்ணையும் கண்ணாடி வச்சுப் பாத்தாவ, தகட்டுல இருந்த நம்பர வெரலால தடவிப் பாத்தாவ, அதுக்குப் பிறவுதான் உக்காந்து ஒரு தம்ளர் தண்ணி கேட்டாவ.

"இது கிராமபோன் இல்லம்மா. கிராமபோன்ல தட்டு சுத்தும், இதுல உருளை சுத்தும். அதுக்கு மூத்தது இது, போனோகிராப்பு. கிராமபோனுக்குப் பாட மட்டுந்தான் தெரியும். இதுக்குக் கேக்கவும் தெரியும். முன்னால நின்னு பேசுனியன்னா மெழுகுல பிடிச்சு வச்சுக்கிடும்."

"நல்ல சாமானா அண்ணாச்சி?"

"பெட்டி நல்ல பெட்டிதான். வடக்க இருந்து பளபளன்னு வருதே, உள்ள தெறந்தா நேத்து அடிச்ச ஆணியா இருக்கும், அது மாதிரி கள்ளச்சாமான் இல்ல இது. திருகாணிய ஒருத்தனும் தொடல. ஆனா குழாய் இதோடது இல்ல. பெட்டி ஒரு தாய் பிள்ளை, குழாய் வேற தாய் பிள்ளை. அதுலயே விலை எறங்கிரும்." அப்புறம் தகட்டத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "புளி போட்டுத் தேச்சியளோ?"ன்னாவ.

மதினிக்கு ஒரே பெருமை. "ஆமா, ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் புளியும் சாம்பலும் போட்டுத் தேச்சு, சந்தனம் குங்குமம் வச்சிருவேன். எம்மவன் சாமான்லா."

அண்ணாச்சி தலையில கை வச்சுட்டாவ. "இதோட வயசத் தேச்சு எடுத்துட்டியளே தாயே. இந்த மாதிரிச் சாமானுக்கு அழுக்குதான் நகை."

பெட்டிக்குள்ள ஒரு அட்டை டப்பா இருந்துது. அதுல தம்ளர் கணக்கா, பனங்கருப்பட்டி நெறத்துல ஒரே ஒரு மெழுகு உருளை. அண்ணாச்சி ரெண்டு வெரல உள்ள விட்டு, வெளிப்பக்கம் படாம அலுங்காம எடுத்தாவ, பெட்டியில மாட்டுனாவ, சாவியக் கொடுத்தாவ, ஊசிய மெல்ல எறக்கி வச்சுட்டு, மெழுகுல பூஞ்சணம் பூத்திருக்கான்னு மோந்து பாக்கக் குழாய்க்குள்ள மூக்க விட்டாவ.

"யம்மா, யாரும்மா இவரு, மூக்க உள்ள விடுதாரு? தும்மித் தொலைக்கப் போறாரு."

மாசானமுத்து குரல். அதே கிண்டல், அதே இழுப்பு. அண்ணாச்சி மூக்க வெளிய எடுத்து, கைக்குட்டையால தொடச்சிக்கிட்டாவ. மதினி அடுப்புல பாலு பொங்குதுன்னு உள்ள போயி எறக்கி வச்சுட்டு வந்தா. வந்து, "எம்மவன் அண்ணாச்சி"ன்னா.

"எந்த வருசம் பெறந்தவன்?"

மதினி சொன்னா. அண்ணாச்சி மொகம் வாடிப்போச்சு.

"விலை போச்சேம்மா. நூறு வருசத்துக்கு முந்துன குரலா இருந்தா, ஒரு தொரை இருமுனது மட்டும் இருந்தாக்கூட, வெளிநாட்டுக்காரன் விமானத்துல வந்து வாங்குவான். இது நேத்தையக் குரலு. இத எவன் வாங்குவான்? வேணும்னா ஒண்ணு செய்யலாம். குரல் இருக்கிற மேல்மெழுகச் சீவி எடுத்துட்டா உருளை பழையபடி புதுசா ஆயிரும், அதுக்கு விலை உண்டும்."

"அதுக்கு என் காதச் சீவிட்டுப் போங்க அண்ணாச்சி."

அவர் நல்ல மனுசன், அந்தப் பேச்ச அதோட விட்டாவ. போறப்ப வாசல்ல நின்னு, கூடியிருந்த எங்க எல்லாருக்கும் கேக்கிற மாதிரிச் சொன்னாவ: "இது மெழுகு. ஒவ்வொரு தடவ ஊசி ஓடும்போதும் கொஞ்சம் சுரண்டித்தான் எடுக்கும். உள்ளது இவ்வளவுதான். தாயி, கேக்க வேண்டியத மொதல்லயே கேட்டுருங்க." எல்லாரும் தலைய ஆட்டுனாவ. நானும் பாத்தேன், ஊரே தலைய ஆட்டிச்சு.

அன்னைக்கே கேட்டிருக்கணும் அவ. ஆனா அதுக்குள்ள வீடு நெறைய ஆளு. எங்க பக்கத்துல கல்யாண வீடானாலும் காதுகுத்து வீடானாலும் வீட்டுக்காரவிய கடைசிப் பந்தியிலதான் உக்காருவாவ, வந்தவன் எலைய எடுக்கிறதுக்கு முன்ன வீட்டுக்காரி எலை போட்டா அந்த வீட்டுக்கு அது தீராத சொல்லு. மதினி அதுலயே ஊறுனவ. "வந்தவிய கேக்கட்டும், நான் எங்க போகப் போறேன், எம்மவன் எங்க போகப் போறான்"ன்னு பாய எடுத்து விரிச்சா. அதோட எனக்கு மட்டும் காதுல ஒண்ணு சொன்னா: "ஊரு முன்னால கேட்டு, அவன் 'இல்லம்மா'ன்னு சொல்லிட்டான்னா நான் எந்த மூலையில போயி விழட்டும்?"

மொத ஆளா வந்தது ஊர்த்தலைவர் அருமைநாயகம். குழாய்ப் பக்கத்துல குனிஞ்சு, "ஏய் மாசானம், நாளைக்கு மழை உண்டுமா?"ன்னு கேட்டாரு.

"சாயங்காலம் உண்டு பெரியப்பா. கீத்த எடுத்து மூடும். ஒம்ம அம்பாரத்த மட்டும் மூடாம, பக்கத்துல அந்தச் சின்னப்பாண்டி அம்பாரத்தையும் சேத்து மூடும், அவன் மேலுக்கு முடியாமக் கெடக்கான்."

மறுநாள் சாயங்காலம் மழை வந்துது. மூணளத்துல ஒரு கல்லு உப்பு கரையல. அதுல இருந்து பாத்துக்கிடுங்க, ஆத்துல போற தண்ணிய அம்மா குடி அய்யா குடின்னு ஆயிப்போச்சு. தொலைஞ்ச மூக்குத்தி எங்கன்னு கேட்டாவ, வடகப் பானையிலன்னான். காணாமப்போன ஆடு எங்கன்னு கேட்டாவ, அத நேத்தே ஒம்ம மச்சான் வீட்டுல தின்னாச்சுன்னான், அதுல ஒரு வெட்டுக்குத்து. இந்த மாப்பிள்ளைக்குக் குடுக்கலாமான்னு கேட்டாவ, குடுக்கலாம், ஆனா மாமியாளுக்கு ஒரு வாய்ப்பூட்டு வாங்கிக் குடுத்து அனுப்புங்கன்னான். வாத்தியாரு வந்து பரீச்சையில எந்தக் கேள்வி வரும்னு கேட்டாரு, போலீசுக்காரரு வந்து தனக்கு மாத்தல் எப்ப வரும்னு கேட்டாரு, கெணறு தோண்ட எடம், புள்ளைக்குப் பேரு, பங்காளி மனசுல என்ன இருக்கு, எல்லாத்தையும் அந்தக் குழாய்க்குள்ளதான் கொண்டு போயிக் கொட்டுனாவ, கொட்டுன எல்லாத்துக்கும் அவன் பதில் சொன்னான். ஒருத்தி, ஒருத்தன், 'நீ எப்பிடி இருக்க மக்கா'ன்னு கேக்கல.

ஆச்சரியமெல்லாம் ஒரு வாரத்துக்குத்தான். பிறவு அது ரேஷன் கடை மாதிரி ஆயிப்போச்சு. கமிட்டி போட்டாவ. ஆம்பளைக்கு ஒரு வரிசை, பொம்பளைக்கு ஒரு வரிசை. வெயிலுக்குப் பந்தல், பந்தலுக்கு டியூப்லைட்டு, குழாய் வாயில மைக்க வச்சுக் கட்டுனா தெரு முனையில நிக்கவனுக்கும் கேக்கும்னு ஒருத்தன் மைக்கும் கொண்டு வந்தான். வரிசையில நிக்கவனுக்கு மோரு குடுக்கது யாருன்னு நெனைக்கிய? உலகம்மா மதினிதான். மோரு செம்பத் தூக்கிட்டு அங்கயும் இங்கயும் நடப்பா, நடுவுல கதவோரமா நின்னு, மவன் யாருக்கோ என்னமோ சொல்லுதத காதக் குடுத்துக் கேப்பா. "இன்னைக்கு நல்லாப் பேசுதான், என்ன?"ன்னு என்னைப் பாத்துக் கேப்பா. "நீ எப்ப மதினி பேசப் போற?"ன்னா, "நாளைக்கு"ம்பா.

ஒவ்வொரு தடவ ஊசி ஓடும்போதும் பெட்டி மேல பழுப்பா ஒரு தூசி உதிரும். அண்ணாச்சி சொன்னது அதத்தான். எங்க ஊரு அறிவாளிய என்ன செஞ்சாவ தெரியுமா? அதத் தொட்டு நெத்தியில பூசிக்கிட்டாவ. பிள்ளைகளுக்குப் பயம் தெளியும்னு பூசுனாவ, காய்ச்சலுக்குப் பூசுனாவ, லாரி கண்ணாடிக்குப் பூசுனாவ. காயிதத்துல மடிச்சு வெளியூர்ல கட்டிக்குடுத்த மகளுக்கு அனுப்பி வச்சவளும் உண்டும். எனக்குப் பொறுக்கல. பந்தலுக்கு நடுவுல நின்னு கத்துனேன்.

"அது திருநீறு இல்ல, அது அவன் தொண்டை. அவன் தொண்டையச் சுரண்டித்தான் நெத்தியில இழுவிக்கிட்டுத் திரியிய."

அருமைநாயகம் பெரிய மனுச தோரணையில சிரிச்சாரு. "கோவப்படாத ராமக்கனி. ஆளுக்கு ஒரு தடவதான கேக்காவ. ஒரு தடவையில என்ன தேஞ்சுறப் போவுது?"

"ஒமக்கு ஒரு தடவையா? தெனம் மழை கேக்கீரே."

"அது ஊருக்காக."

ஊரான் வீட்டு நெய்யே, எம் பொண்டாட்டி கையேன்னு சும்மாவா சொன்னாவ. அவர் சொன்னதுல பொய்யி ஒண்ணும் இல்ல, அதுதான் கொடுமை. அந்த வருசம் மாதிரி உப்பு எந்த வருசமும் தேறல. கடன் அடைஞ்சுது, கூரை மாறிச்சு, மூணு அளத்துலயும் அம்பாரம் வெள்ளை வெளேர்னு நின்னுது. எல்லாம் அந்தப் பையன் வாயி.

வாயி கம்மிக்கிட்டே வந்துது. மொதல்ல மைக்குக்கே கேக்கல, பிறவு குழாய்கிட்ட காத வச்சாத்தான் கேட்டுது. கேலி கொறைஞ்சுது. நீட்டி மொழக்கிச் சொன்னவன் ரெண்டு சொல்லுல முடிச்சான். ஒரு நாளு, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாம, "பெரியப்பா, தொண்டை கட்டுது"ன்னான். கமிட்டி கூடி என்ன செய்யலாம்னு யோசிச்சு, குழாய் முன்னால பனங்கல்கண்டும் சுக்கும் தட்டுல வச்சுச்சு. இன்னொரு நாளு, "கொஞ்சம் தள்ளி நில்லுங்கய்யா, மூச்சு முட்டுது"ன்னான். கயிறு கட்டி வரிசையத் தள்ளி வச்சாவ. அதுக்கு அடுத்தாப்புல "போதும்"ன்னு மட்டும் சொன்னான். அன்னைக்கு ஆடு தேடி வந்தவன் அதக் கேட்டுட்டு, "போதும்னா என்ன அர்த்தம், தேடுனது போதும்ங்கானா?"ன்னு கேட்டுட்டே வீட்டுக்குப் போனான். நான் போயி ஊசியத் தூக்கி வச்சேன். ரெண்டு பேரு என் கையப் பிடிச்சு வெளிய கொண்டாந்து விட்டாவ.

மதினிய உலுக்குனேன். "இன்னைக்கே கேளு. விருந்தாளி போகட்டும் போகட்டும்னு இருந்தா பானையில பருக்கை மிஞ்சாது."

"ஊருக்குப் பாடு நடந்துக்கிட்டு இருக்கு ராமக்கனி. நடுவுல போயி நான் எப்பிடி…"

"ஒனக்குப் பயம்."

"ஆமா, பயந்தான்"ன்னா. "இப்ப அவன் பேசுதான். நான் கேட்டுட்டா அதுக்குப் பிறவு ஒரு பதில்லா வந்துரும்."

அவ பெத்தவ.

அளத்துல கடைசி உப்பு வாரல் முடிஞ்சு, உப்பு பூரா லாரியில ஏறுன அன்னைக்கு, அருமைநாயகம் குழாய்க்குள்ள தலைய விட்டுக் கடைசி மழையக் கேட்டாரு. என்ன வந்துதோ அவருக்குத்தான் தெரியும், "இல்லங்கான், லாரி போகலாம்"ன்னாரு. துண்ட உதறித் தோள்ல போட்டுக்கிட்டு, "ஊருக்கு வேல முடிஞ்சுது. இனி உலகம்மா ஆற அமரக் கேக்கட்டும்"ன்னு பெருந்தன்மையாச் சொல்லிட்டுப் போனாரு. பந்தலப் பிரிச்சாவ. டியூப்லைட்டக் கழத்துனாவ. வாசல் திடீர்னு அகலமாத் தெரிஞ்சுது.

மறுநாள் உச்சிப்பொழுது. மதினி தலைக்குக் குளிச்சு, நல்ல சீலை ஒண்ணு எடுத்துக் கட்டி, ஈரத்தலையோட வந்து உக்காந்தா. நான் உருளைய வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தேன். பூராவும் வழவழன்னு கெடந்துது, ஓரத்துல மட்டும் தலைமுடி அகலத்துக்குக் கோடு தெரிஞ்சுது. ஒரு தடவ ஓடும். அதுக்கு மேல ஓடாது. அதையும் அவகிட்டச் சொன்னேன்.

"என்ன கேக்கணும்னு சொல்லு"ன்னேன்.

"ஏலே மாசானம், நீ இருக்கியா, இல்லியா."

"வேற ஒண்ணும் கேக்கப்படாது."

"வேற எனக்கு என்ன வேணும்?"ன்னா. பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி இன்னொரு தடவ சொல்லிப் பாத்துக்கிட்டா, இருக்கியா இல்லியா, இருக்கியா இல்லியா. சாவிய நான் கொடுத்தேன். கதவச் சாத்துனேன். அவ குழாய்கிட்ட மொகத்தக் கொண்டு போனா, கண்ண மூடுனா, அவன் பெறந்த நாள்ல இருந்து, பள்ளிக்கூடம் விட்டு வந்தாலும், அளத்துல இருந்து வந்தாலும், சண்டை போட்டுக்கிட்டு வந்தாலும், வாசல்ல அவன் நிழல் விழுந்தவுடனே அவ வாயில என்ன வருமோ, அது வந்துட்டு.

"சாப்ட்டியாலே?"

நான் பதறி அவ வாயப் பொத்தப் போனேன். சொன்னது சொன்னதுதான். அந்தப் பதட்டத்துல என் கை பட்டு ஊசி எறங்கிட்டு. கொஞ்ச நேரம் அளத்துல பலகை இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம், அத்தனை நாளாக் கம்மிப்போயிக் கெடந்த குரலு, சின்ன வயசுல இருந்த மாதிரித் தெளிவா வந்துது.

"இன்னும் இல்லம்மா."

அதோட சரி. ஊசி வெறும் மெழுகுல சுத்திக்கிட்டே இருந்துது. சாவி தீந்து தானா நின்னுது.

மதினி அழல. என் மொகத்தப் பாத்தா. "ஏட்டி ராமக்கனி, நான் என்னத்தக் கேட்டேன்?"ன்னா. "நான் என்னத்தட்டி கேட்டேன்?"ன்னு மறுபடியும் கேட்டா. சுவத்துல சாய்ஞ்சு உக்காந்தவ சாயங்காலம் வரைக்கும் அதையே கேட்டுக்கிட்டு இருந்தா.

ஊருக்குத் தெரிஞ்சப்ப ஊரு உச்சுக் கொட்டிச்சு. மொதல்லயே கேட்டிருக்க வேண்டியதுதானன்னு சொன்னாவ. கெடைச்ச ஒரு கேள்வியக் கேக்கத் தெரியலியேன்னு சொன்னாவ. அருமைநாயகம், "பொம்பளை புத்தி"ன்னாராம், அவரு வாசல்லயே போயி நின்னு நாலு வார்த்தை நல்லாக் குடுத்துட்டு வந்தேன், ஆனா குடுத்து என்ன ஆகப் போவுது. சந்தியாகு அண்ணாச்சி கேள்விப்பட்டு வந்தாவ. கண்ணாடிய வச்சு உருளையச் சுத்திச் சுத்திப் பாத்தாவ. "சுத்தமா இருக்கு தாயி, இனி நல்ல விலை போகும்"னு சொல்லிட்டுத் தலையக் குனிஞ்சுக்கிட்டாவ. எடுத்துட்டுப் போங்கன்னு மதினி கையக் காட்டுனா. என்ன குடுக்கியன்னு கேக்கக்கூட இல்ல. பம்பாய்க்குப் போகலியான்னு நான் கேட்டேன். "எங்க போக? பிள்ளை பசியோட இருக்கான். அடுப்ப விட்டுட்டு நான் எங்க போக?"ன்னா.

இப்பவும் தெனம் உச்சிக்கு ஒலை வைக்கிறா. மாசானத்துக்குப் பிடிச்ச மாதிரி கொஞ்சம் கொழைய வடிச்சு, மீன் கொழம்பு ஊத்தி, தட்டுல போட்டு எடுத்துட்டு எந்திரிக்கிறா. உசுரோட இருக்கிற பிள்ளைக்குன்னா அந்தச் சோத்த மூடி அடுப்படியில வைக்கணும், வருவான். போயிட்ட பிள்ளைக்குன்னா மதில்ல வச்சுக் காக்காயக் கூப்பிடணும், வாங்கிக்கிடுவான். ரெண்டுல எதுன்னு அவளுக்குச் சொல்ல ஆளு இல்ல. நெலப்படியில நிக்கிறா, உள்ள ஒரு காலு, வெளிய ஒரு காலு. மதில்ல காக்கா வந்து உக்காந்து கத்துது. அவ தட்ட ரெண்டு கையிலயும் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா, சோறு ஆறுது.